கோல் பட்டனில் ஒரு கறுத்த பொட்டு

ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து கைக்கு வந்தால் இன்றைக்கும் என் காது சூடாகிவிடும். இது ஒரு வருத்தம், மருந்தில்லாத நோய். முன்னூற்றிநாலு விளையாடும் வீடுகளில் வளர்ந்த எல்லோருக்கும் இது கொஞ்சமாவது இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கடதாசி விளையாட்டில், அதாவது சீட்டாட்டத்தில், ராசா, ராசா இல்லை. ஜாக்குக்குத்தான் முப்பது புள்ளி, அதற்கு அடுத்தபடி ஒன்பதுக்கு இருபது. ஏஸ்கூட அதற்குக் கீழே. ராசாவும் ராணியும் மூன்று, இரண்டு என்று வாசலோடு நிற்கிற ஆட்கள். ஆறு வயதில் இதைப் படித்துவிட்ட மூளையைப் பிறகு எந்தப் பல்கலைக்கழகமும் திருத்தாது. நான் புள்ளிவிபரவியல் படித்தவள், சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. முன்னூற்றிநாலில் பாதியில் விலகுவது என்ற ஒன்றே கிடையாது. கையில் வந்ததைக் கடைசிக் கடதாசி வரை விளையாடத்தான் வேண்டும். அப்பாவோடு விளையாடும்போது நான் கொட்டாவி விட்டாலே, "என்ன, ஓடப் போறியோ?" என்பார்.

எனக்குப் பிடிக்காத விதி ஒன்றும் அதில் இருந்தது. துரும்பு, மற்றெல்லாவற்றையும் வெட்டுகிற இனம், எதுவென்று ஒருவருக்கு மட்டும் தெரியும். அதைக் குப்புற வைத்திருப்பார். மற்றவர்கள் வெட்டப் பார்த்தால் தங்கள் கடதாசியையும் குப்புறத்தான் போட வேண்டும். துரும்புக்காரர் மட்டும் அதைத் தூக்கிப் பார்ப்பார். துரும்பு இல்லையென்றால் அப்படியே கவிழ்த்து விடுவார். அது என்ன கடதாசி என்று வேறு யாருக்கும் தெரியாமலே அந்தச் சுற்று முடிந்துவிடும். எனக்குப் பொறுக்காது. மெல்லக் கையை நீட்டித் திருப்பிப் பார்ப்பேன். அப்பா விரலில் ஒன்று போடுவார். "மூடினது மூடினதுதான், பிள்ளை."

இப்படிப்பட்ட மூளையையும் விரலையும் வைத்துக்கொண்டுதான் இருபத்தொரு வயதில் இன்டர்நெட்டில் போக்கர் விளையாடப் போனேன்.

அப்போது நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் இருந்தோம். நாட்டில் சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த காலம். கொம்பியூட்டர் இருந்தது ஹோலில், சாமிப் படங்களுக்குக் கீழே. ரயில் போனால் மொனிட்டர் நடுங்கும். சனிக்கிழமைகளில் சித்தியின் மகன் கொட்டாஞ்சேனையில் இருந்து புறக்கோட்டையில் பஸ் மாறி வருவான். என்னைவிட ஒரு மாதம் மூத்தவன். அண்ணா என்று கூப்பிட வேண்டும் என்பது சித்தியின் விருப்பம். அந்த விருப்பம் நிறைவேறவில்லை. பொழுது படுவதற்குள் அவன் திரும்பிவிடுவான். எங்கள் வீட்டில் தங்குவதென்றால் பொலிசில் பதிய வேண்டும். அதற்கு லைனில் நிற்பதைவிட பஸ்ஸில் தொங்குவது சுகம் என்பான்.

அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தது அவன். கணக்கு திறந்தது என் பெயரில், விளையாடியது இரண்டு பேரும். விதிப்படி பிழைதான், எங்களுக்கு அது அப்போது தெரியாது, தெரிந்திருந்தாலும் விளையாடியிருப்போம்.

முதல் நாளை மறக்க முடியாது. பச்சை மேசை ஒன்று திரையில் விரிந்தது. அதைச் சுற்றி ஒன்பது கதிரை. ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் ஓர் ஊர். ஒஸ்லோ. ரெசிஃபே. ஏதோ ஒரு ரஷ்ய ஊர், வாயில் நுழையவில்லை. எங்கள் பெயருக்குக் கீழே கொழும்பு. ஒஸ்லோக்காரன் ஒருவன், அங்கே விடியற்காலையாக இருக்க வேண்டும், எங்களுக்கு வணக்கம் எழுதினான். நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒழுங்கை முனைக்குப் பாண் வாங்கப் போனால்கூட அடையாள அட்டையைக் காட்டி, எந்த ஊர், ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று கேட்கிற காலம். இங்கே ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கதிரை வெறுமையாக இருந்தது, இருந்துவிட்டோம்.

போக்கர் லேசானது. உங்களுக்கு மட்டும் தெரிய இரண்டு கடதாசி. மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒருவர் பந்தயம் வைத்தால் மற்றவருக்கு மூன்று வழி. கையைக் கீழே போட்டு விலகலாம்: ஃபோல்ட். அதற்கு மேலே ஏற்றலாம்: ரெய்ஸ். அல்லது அதே அளவைக் கொடுத்துவிட்டு, 'சரி, பார்ப்போம்' என்று நிற்கலாம். அதுதான் கோல்.

நான் 'பார்ப்போம்' கட்சி.

நாங்கள் விளையாடியது இலவசப் போட்டிகள். இரண்டாயிரம் பேர் சமமான சில்லுகளோடு, அதாவது விளையாட்டுக் காசோடு, தொடங்குவார்கள். சில்லு முடிந்தவர் வெளியே. கடைசிப் பதினெட்டுப் பேருக்குச் சில்லறை டொலர். அதையும் இலங்கைக்கு எடுக்க வழியில்லை. யாருக்கும் கவலையில்லை. இரண்டாயிரம் பேரில் ஐம்பது பேர் மிஞ்சியிருக்கும்போது அந்த ஐம்பதில் நாங்களும் என்றால், சோற்றுக்குக் கூப்பிடுகிற அம்மாவின் குரல் வேறு நாட்டில் இருந்து வருவது போல இருக்கும்.

ஆனால் அந்த ஐம்பதுக்குள் போவது எப்போதும் அவன் விளையாடும்போதுதான். என் முறையில் முந்நூறு பேர் மிஞ்சியிருக்கும்போதே முடிந்துவிடும். ஒருநாள் நடந்ததைச் சொன்னால் விளங்கும். கையில் ஜாக், ஒன்பது. நடுவில் இரண்டு ராசா, ஒரு ஏழு. ஒருவன் பந்தயம் வைத்தான், நான் கோல். திரும்பவும் வைத்தான், கோல். கடைசியில் பெரிதாக வைத்தான். கோல். அவன் கையைத் திறந்தான்: ராசா.

"பாத்தியா," என்றேன், "நான் நினைச்சனான் அவனிட்ட கிங் இருக்கெண்டு."

சித்தி மகன் என்னைப் பார்த்தான். "நினைச்சனியெண்டா ஏன் குடுத்தனி?"

"நிச்சயமாத் தெரிய வேணுமெல்லோ."

"அடியே, நீ போக்கர் விளையாடேல்லை. டிக்கெட் எடுத்துப் படம் பாக்கிறாய்."

சமையலறையில் இருந்து அம்மா, "என்ன படம் பாக்கிறியள்?" என்றார்.

"பெரியம்மா, இவ எடுக்கிற படம். எல்லாத்திலயும் கடைசியில இவதான் சாகிறா."

எனக்குக் கோபம். ஆனால் அவன் சொன்னது சரி. தோற்பதற்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. மூடின கடதாசி மூடினபடியே போவதுதான் எனக்குத் தாங்காது. எதிராளி பொய் சொன்னானா உண்மை சொன்னானா என்று தெரியாமல் அடுத்த கைக்குப் போவதென்றால், கதவைத் தட்டிவிட்டுப் போனவர் யார் என்று பார்க்காமல் படுக்கைக்குப் போவது போல.

பிறகு அவனுக்கு லண்டன் விசா வந்தது.

சித்தி லட்டு கொண்டுவந்தார். எல்லோரும் சந்தோஷம். நானும்தான். ஆனால் அன்றைக்கே அவன் ஹோல் மூலையில் வைத்துச் சொன்னான்: "ரெண்டு நாட்டில இருந்து ஒரு கணக்கைத் திறந்தா பூட்டிப்போடுவாங்களாம். வாசிச்சனான். ஒராள்தான் வச்சிருக்கலாம்."

"என்ட பேரில இருக்கு."

"உன்ட பேர்தான். ஆனா அதில இருக்கிற டொலர் ஆர் வெண்டது? உன்ட கையில விட்டா ஒரு கிழமையில படம் பாத்து முடிச்சுப்போடுவாய்."

அவனுக்கு லண்டன் வருகிறது. நிஜமான ஒஸ்லோவுக்கே போகலாம். எனக்கு அந்தப் பச்சை மேசை மட்டும்தான் இருந்தது. "மூண்டு சனிக்கிழமை இருக்கு," என்றேன். "மூண்டும் நான் விளையாடுறன். மூண்டாவதில ஒரு கோலாவது சும்மா பாக்கிறதுக்காகப் பண்ணினா கணக்கை நீ கொண்டு போ."

"ஆர் முடிவெடுக்கிறது சும்மாவோ இல்லையோ எண்டு?"

"நீதான்."

அவன் யோசித்துவிட்டுக் கையை நீட்டினான். முன்னூற்றிநாலில் எப்போதும் என் சோடியாக இருந்தவன். இப்போது முதல் தடவையாக எதிர்ப்பக்கம்.

முதல் சனிக்கிழமை காலை கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து, திரையின் அடியில் இருந்த மூன்று பட்டன்களைப் பார்த்தேன். இடது ஃபோல்ட், வலது ரெய்ஸ், நடுவில் கோல். என் விரல் நினைக்கும் முன்பே நடுவுக்குப் போய்விடுகிறது. எழும்பிப் போய் என் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த பொட்டுப் பக்கற்றை எடுத்துவந்தேன். கறுப்பு, பெரியது. கோல் பட்டனுக்கு மேல் ஒட்டினேன். மொனிட்டர் கண்ணாடியில் மின்சாரம் சடசடத்து, பொட்டு தானாகவே இழுபட்டு ஒட்டிக்கொண்டது. விலகு, இல்லையென்றால் ஏற்று. நடுவழி கிடையாது.

அம்மா வந்து பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுக்க முன், "நல்லது," என்றார். "எத்தின பேர் வந்து பாக்கினம். கண்ணூறு படாது." சாமிப் படத்தில் இருந்து கொஞ்சம் விபூதியும் எடுத்து மொனிட்டரின் தலையில் பூசிவிட்டுப் போனார்.

பொட்டு வேலை செய்தது. பயங்கரமாக வேலை செய்தது. நானூறு பேர் மிஞ்சும் வரை ஒரு கோலும் இல்லை. மத்தியானம் அவன் வந்து, நடந்த கைகளின் பதிவைத் திறந்து வாசித்தான். வாசிக்க வாசிக்கச் சிரித்தான்.

"இஞ்ச பார். ஒருத்தரும் பந்தயம் வைக்கேல்லை. சும்மா இருந்தாலே அடுத்த கடதாசி வரும். அதுக்கும் ஃபோல்ட் பண்ணியிருக்கிறாய்!"

உண்மைதான். பந்தயம் இல்லாதபோது அதே நடுப் பட்டனில்தான் 'செக்' என்று வரும். ஒன்றும் கொடுக்காமல் இருக்கலாம். பொட்டுக்குக் கீழே எனக்கு அது தெரியவில்லை. இலவசமாகக் கிடைத்ததை எல்லாம் எறிந்திருக்கிறேன்.

"விசரி, இது கட்டுப்பாடில்லை. கண்ணைக் கட்டிப்போட்டு ரோட்டுக் கடக்கிறது."

இரண்டாவது சனிக்கிழமை நன்றாகத் தொடங்கியது. இருநூற்றுச் சொச்சம் பேர் இருந்தோம். என் கையில் இரண்டு ராணி. ஒருவன் பெரிதாக ஏற்றினான். பொட்டுக்கு வலப்பக்கம் போவதா இடப்பக்கம் போவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் கண்ணாடி ஒருதரம் அதிர்ந்தது. ரயில் இல்லை. எங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

நான் பல்கனிக்கு ஓடினேன். எல்லாப் பல்கனியிலும் ஆட்கள். தூரத்தில் எங்கே என்று தெரியவில்லை. புகையும் இல்லை. கீழே ஒழுங்கையில் இரண்டு பேர் காலி வீதிப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் செருப்பைத் தேடினேன்.

"எங்க வெளிக்கிடுறாய்?" அம்மா கதவடியில்.

"முனையில போய் என்னெண்டு பாத்திட்டு வாறன்."

"ஒண்டும் பாக்கத் தேவையில்லை. பாக்கப் போற ஆக்கள்தான் ரெண்டாவது குண்டில அம்பிடுறது. உள்ள போ."

அம்மா அதைப் பயமுறுத்துகிற குரலில் சொல்லவில்லை. பால் பொங்கப் போகிறது என்கிற குரலில் சொன்னார். போன் லைன் எல்லாம் அடைத்திருந்தது. அப்பா வேலையில் இருந்து வர வேண்டும். அவன் பஸ்ஸில் இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் ஹோலில் இருந்தோம். ஒன்றும் தெரியாமல் இருப்பதைத் தவிர அந்த அரை மணித்தியாலத்தில் செய்வதற்கு எதுவும் இல்லை. அம்மா அதைச் செய்தார். வெங்காயம் உரித்தபடி, கதவைப் பார்க்காமல், அதை ஒரு வேலையைப் போலச் செய்தார். இத்தனை வருடம் இந்த நகரத்தில் அவர் எத்தனை தடவை இப்படி இருந்திருப்பார் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

முதலில் அவன் வந்தான். தெகிவளைப் பக்கம் போகிற பஸ்களைத் திருப்பிவிட்டதால் பம்பலப்பிட்டியில் இருந்து நடந்தானாம். பிறகு அப்பா. அதற்குப் பிறகுதான் கொம்பியூட்டர் ஞாபகம் வந்தது. என் நேரம் முடிந்து, அது தானே இரண்டு ராணியையும் கீழே போட்டிருந்தது. ஏற்றினவன் கையைக் காட்டாமலே சில்லுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு முப்பது கை நடந்திருந்தது. ஒவ்வொன்றிலும் என் கதிரை தானாக விலகியிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் வைக்க வேண்டிய கட்டாயச் சில்லு மட்டும் குறைந்திருந்தது, அவ்வளவுதான். மேசையில் ஒருவருக்கும் எங்கள் ஜன்னல் அதிர்ந்தது தெரியாது. நான் பார்க்காத முப்பது கை. உலகம் உடையவில்லை.

நான் பொட்டை உரித்தெடுத்தேன்.

அந்தக் கிழமை ஏழு நாளும் வேறொன்று பழகினேன். கோல் பண்ண முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: இவன் இப்படிப் பந்தயம் வைக்கக்கூடிய கைகளில் நான் வெல்லக்கூடியவை மூன்று. மூன்று சொல்ல முடிந்தால் கோல். முடியாவிட்டால் விரல் இடது பக்கம். லெக்சருக்குப் போகும் பஸ்ஸிலும் சொல்லிப் பார்த்தேன். பக்கத்துச் சீட் அன்ரி எழும்பி வேறு சீட்டுக்குப் போனார்.

மூன்றாவது சனிக்கிழமை அவன் எனக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்தான். அம்மா மொனிட்டரைப் பார்த்து, "பொட்டை ஏன் எடுத்தனி? கண்ணூறு படப்போகுது," என்றார்.

"பட்டாப் படட்டும், பெரியம்மா. இண்டைக்கு இவவின்ட கண்ணைத்தான் பாக்க வேணும்."

நாலு மணியாகும்போது இருபத்தைந்து பேர் மிஞ்சியிருந்தோம். இரண்டாயிரத்தில் இருபத்தைந்து! என் வாழ்க்கையில் நான் போகாத உயரம். எனக்கு எதிரே பின்லாந்து ஆள் ஒருவர்; பெயருக்குப் பக்கத்தில் ஒரு மீன் படம். ஒரு மணித்தியாலமாக அந்த மீன் கையைக் கீழே போட்டுக்கொண்டே இருந்தது. சலிப்பில்லாமல், கோபமில்லாமல், மழைக்கு ஒதுங்கி நிற்பது போல. நான் அதை மதித்தேன். சொல்லப்போனால் வணங்கினேன்.

அப்போது எனக்கு வந்தது: ஜாக், ஒன்பது.

பின்னால் கதிரை கிரீச்சிட்டது. கட்டாயச் சில்லு ஏற்கனவே வைத்திருந்தேன், யாரும் ஏற்றவில்லை, நான் ஒன்றும் கூடுதலாகக் கொடுக்காமலே நிற்கலாம். நின்றேன். நடுவில் மூன்று திறந்தன: ஜாக், ஒன்பது, நாலு. ஜாக்கும் ஒன்பதும் ஹாட்ஸ், சிவப்பு இதயம்; நாலு வேறு இனம். எனக்கு இரண்டு சோடி. முன்னூற்றிநாலின் ராசாவும் மந்திரியும் இரட்டை இரட்டையாக. காது கொதித்தது. பந்தயம் வைத்தேன். எல்லோரும் விலக, மீன் மட்டும் கோல். அடுத்தது ஒரு இரண்டு, அதுவும் ஹாட்ஸ் இல்லை. திரும்பவும் வைத்தேன். மீன் கோல். கடைசிக் கடதாசி பத்து. ஹாட்ஸ். இப்போது மேசையில் மூன்று ஹாட்ஸ். ஒன்பது, பத்து, ஜாக் என்று ஒரு வரிசையும். ஒரே இனத்தில் ஐந்தோ, வரிசையாக ஐந்தோ அவரிடம் சேர்ந்தால் என் இரண்டு சோடி தோற்றுவிடும்.

நான் ஒன்றும் வைக்கவில்லை. மீன் தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் தள்ளியது.

மணிக்கூடு ஓடத் தொடங்கியது. முப்பது செக்கன்.

"சொல்லு," என்றான் அவன்.

"ஏஸும் ஜாக்கும் வச்சிருந்தா நான் வெல்லுவன்."

"ஒண்டு."

ஒரு மணித்தியாலம் மழைக்கு ஒதுங்கி நின்றவர் ஒற்றைச் சோடிக்காக எல்லாவற்றையும் தள்ளுவாரா? அந்த ஒன்றும் கரைந்தது. "பொய்யா இருக்கலாம்," என்றேன்.

"பொய் எண்டா எந்தக் கை? பேர் சொல்லு."

சொல்ல முடியவில்லை. இரண்டு ஹாட்ஸ் வைத்திருந்தால் தோல்வி. ஏழும் எட்டும் தோல்வி. ராசாவும் ராணியும், நாங்கள் வீட்டில் மதிக்காத அதே ராசாவும் ராணியும், அதுவும் தோல்வி. பத்துச் செக்கன். பீப் பீப் என்று அடித்தது. ஆனால் பொய்யென்றால்? பொய்யென்றால் எனக்குத் தெரியவே வராது. ஒருநாளும். என் மவுஸின் அம்பு நடுப் பட்டனில் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

இடது பக்கம் நகர்த்தி அழுத்தினேன்.

என் ஜாக்கும் ஒன்பதும் கவிழ்ந்தன. மீனின் கடதாசி இரண்டின் நீல முதுகுகளும் மேசை நடுவுக்கு வழுகிப்போய் மறைந்தன. உலகத்தில் ஒரே ஒரு மனிதருக்கு, பின்லாந்தில் எங்கேயோ ஒரு அறையில், அது என்னவென்று தெரியும். எனக்குத் தெரியாது. தெரியாமலே என் நெஞ்சு அடித்தது, ஜன்னலால் கடற்காற்று வந்தது, அடுத்த இரண்டு கடதாசி என் முன்னால் வந்து விழுந்தது. அந்தத் தெரியாமை எவ்வளவு பெரிதாக இருந்தது என்றால், வெள்ளவத்தைக் கடற்கரைத் தண்டவாளத்தில் நின்று முதல் தடவை கடலைப் பார்த்த பிள்ளை போல நான் அசையாமல் இருந்தேன்.

"ஐயோ," என்றான் அவன் பின்னால் இருந்து. "என்ன வச்சிருந்தவன்?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"கேள்! எழுதிக் கேள், சொல்லுவான்." அவன் கை என் தோளுக்கு மேலால் கீபோர்ட்டுக்கு வந்தது.

விரலில் ஒன்று போட்டேன். "மூடினது மூடினதுதான்."

அவன் கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தான். பிறகு பெரிதாகச் சிரித்தான். அப்பா உள்ளே இருந்து, "ஆர் ஓடினது?" என்றார்.

"நான்தான், அப்பா," என்றேன்.

இருபதாவது இடத்தில் வெளியே போனேன். இரண்டு ஏஸ் வைத்துக்கொண்டு, நானே எல்லாவற்றையும் தள்ளி, ஒரு சோடி ஆறிடம் தோற்றேன். பதினெட்டுக்குள் போகவில்லை, சில்லறை டொலரும் இல்லை. அவன் பதிவை முதலில் இருந்து வாசித்தான். நாலு கோல் இருந்தது. ஒவ்வொன்றிலும் நிறுத்தி, "மூண்டு சொல்லு," என்றான். சொன்னேன். நாலாவதற்குப் பிறகு கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினான். வெளியே வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. அவன் போக வேண்டும்.

"வச்சிரு," என்றான்.

அடுத்த புதன்கிழமை அவன் போனான். இரண்டு கிழமைக்குப் பிறகு போன் எடுத்தான். அம்மா முதலில் பேசி, குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று எல்லாம் கேட்டு, ரிசீவரை என்னிடம் தந்தார். தூரம், ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் இடையில் இரைந்தது.

"அடியே," என்றான். "எனக்கு நித்திரை வருதில்லை. அவன் என்னதான் வச்சிருந்தவன்?"